பின்னால் வரும் வீடு

நார்பி, மினசோட்டா
18 ஏப்ரல் 1993

அன்புள்ள தம்பி லோவெல்லுக்கு,

அக்கா ஆர்டிஸ் எழுதுகிறேன். நான் சௌக்கியம். நீயும் கொன்சுவேலோவும் சௌக்கியம்தானே? டெக்சஸில் இந்நேரம் எலுமிச்சை பூத்து வாசனை அடிக்கும். இங்கே ஏரியில் பனிக்கட்டி இன்னும் முழுசாக உடையவில்லை. ஃபோன் பண்ணியிருக்கலாம்தான். ஆனால் நம் வீட்டில் வெளியூர் ஃபோன் மணி அடித்தால் யாரோ போய்விட்டார்கள் என்றுதானே அர்த்தம். உன்னைப் பதறவைப்பானேன்?

விஷயத்துக்கு வருகிறேன். டெலோரிஸ் ஹேகன் வீட்டுக் கொட்டகையில் ஒரு டிரெய்லர் நிற்கிறது. வண்டிக்குப் பின்னால் கட்டி இழுத்துப் போகிற குட்டி வீடு. 1958-ல் செய்தது, பதினாறு அடி நீளம், பக்கவாட்டில் ஒரு மஞ்சள் பட்டை. உள்ளே கட்டில், அடுப்பு, மடக்கு மேஜை எல்லாம் இருக்கின்றன. அதை வாங்கி, உன் அத்தான் பால்மர் விட்டுப்போன பிக்கப் வண்டியில் கட்டி, பனி விழுவதற்கு முன்னால் உங்கள் ஊருக்கு வந்துவிடலாமா என்று பார்க்கிறேன். பால்மர் போய் நாலு குளிர்காலம் ஆகிவிட்டது. இன்னொரு ஜனவரியை இங்கே தனியாகத் தள்ள எனக்கு மனசில்லை.

உங்களுக்கு இடைஞ்சல் தரமாட்டேன். வேலியோரமாக ஒரு மூலை கொடுத்தால் போதும், என் வீடு என்னோடு வரும். முப்பது வருஷம் லாரி ஓட்டியவன் நீ. எதைப் பார்த்து வாங்கவேண்டும், எப்படி இழுக்கவேண்டும் என்று விவரமாக எழுது.

மணிக்கட்டு கொஞ்சம் பிடித்துக்கொண்டிருக்கிறது. எழுத்து கோணினால் கண்டுகொள்ளாதே.

அன்புடன் அக்கா,
ஆர்டிஸ்


வெஸ்லாகோ, டெக்சஸ்
29 ஏப்ரல் 1993

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் நலம். கொன்சுவேலோ உனக்கு முத்தம் அனுப்பச் சொன்னாள். நம் ஊர்க்காரர்களுக்கு அது ஒத்துவராது என்று சொன்னேன், கேட்கவில்லை.

அறுபத்துநாலு வயதில் டிரெய்லர் இழுக்கப் போகிறாயா! மஞ்சள் பட்டையைப் பார்த்து மயங்காதே. பழைய டிரெய்லரில் வெளியே பளபளப்பு, உள்ளே ஈரம். ஒவ்வொரு மூலையிலும் குதிகாலை ஊன்றி நில். தரை ரொட்டி மாதிரி அமுங்கினால் கூரை ஒழுகி மரம் உளுத்திருக்கிறது என்று அர்த்தம். ஜன்னலுக்குக் கீழேயும் அமுக்கிப் பார். பிறகு வெட்கப்படாமல் தரையில் படுத்து, அடியில் இருக்கிற இரும்புச் சட்டத்தை ஸ்க்ரூடிரைவரால் குத்து. 'டங்' என்றால் வாங்கலாம். பொலபொலவென்று உதிர்ந்தால் காபியைக் குடித்துவிட்டு வீட்டுக்குப் போ.

டயரைப் பார்த்து ஏமாறாதே. ஓடாத டயர் புதுசு மாதிரியே இருக்கும். பக்கத்தில் மயிரிழை வெடிப்பு விட்டிருக்கும். எல்லாவற்றையும் மாற்று. பிரேக் ஒயரையும் மாற்று. பத்திரம் டெலோரிஸ் பெயரில்தான் இருக்கிறதா, செத்துப்போன அவள் மாமனார் பெயரில் இருக்கிறதா என்று கேள்.

அக்கா, நானே அங்கே வந்து இழுத்துக்கொண்டு வரட்டுமா? எனக்கு அது ஒரு வேலையே இல்லை.

உன் தம்பி,
லோவெல்


நார்பி
16 மே 1993

அன்புள்ள லோவெல்லுக்கு,

நலம். உங்கள் நலம் அறிந்து நிம்மதி. இங்கே லைலாக் மொட்டு விட்டிருக்கிறது.

வாங்கிவிட்டேன். எப்படி வாங்கினேன் என்று கேள். டெலோரிஸ் சமையலறையில் மூன்று கோப்பை காபி ஆனது. டிரெய்லர் என்ற பேச்சையே அவளும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. மழை, பாதிரியாரின் முதுகுவலி, இந்த வருஷத்துச் சோளம் எல்லாம் பேசினோம். கேக்கை நீட்டினாள். "ஐயோ, வேண்டாம்" என்றேன். "ஒரு துண்டுதானே, எடுத்துக்கோ" என்றாள். "இல்ல இல்ல, இப்பத்தான் சாப்டு வந்தேன்" என்றேன். மூன்றாவது முறை, "மிச்சமானா வீணாத்தான் போகும் ஆர்டிஸ்" என்றாள். "சரி, நீ இவ்வளவு சொல்றதனால" என்று எடுத்துக்கொண்டேன். முதல் தடவை கேட்பது மரியாதைக்கு, இரண்டாவது தடவை பழக்கத்துக்கு, மூன்றாவது தடவைதான் மனசிலிருந்து என்று அம்மா சொல்வாளே. டெக்சஸ்காரர்களோடு இருந்து இதையெல்லாம் நீ மறந்திருப்பாய். கிளம்பும்போது வாசலில் நின்று, "அந்தப் பழசு கொட்டகையில இடத்த அடைச்சிட்டு நிக்குது" என்றாள். பேரம் அங்கேதான் தொடங்கியது.

நீ சொன்ன மாதிரியே படுத்துக் குத்தினேன். 'டங்' என்றது. பின்மூலையில் மட்டும் தரை அமுங்குகிறது. பலகை மாற்ற தச்சரைக் கூப்பிட்டிருக்கிறேன். டெலோரிஸ் என் கால்களை மட்டும் பார்த்து, "உயிரோடதான இருக்கே?" என்று கேட்டாள்.

நீ வந்து இழுப்பதா? வேண்டவே வேண்டாம். அவ்வளவு தூரம் உன்னை அலையவிடுவேனா. அந்தப் பேச்சை விடு.

அன்புடன்,
ஆர்டிஸ்


வெஸ்லாகோ
27 ஜூன் 1993

அன்புள்ள அக்கா,

பதில் தாமதமாகிவிட்டது. கோபித்துக்கொள்ளாதே. வெயில் அதிகம், வேலையும் இருந்தது. நலம்.

பாரம் ஏற்றுவதைப் பற்றி ஒன்றே ஒன்று சொல்கிறேன், அதை மறக்காதே. டிரெய்லரின் மூக்கு, அதாவது உன் பிக்கப்பின் கொக்கியில் வந்து உட்காரும் முனை, கனமாக இருக்கவேண்டும். மொத்த எடையில் பத்தில் ஒரு பங்குக்குக் குறையக்கூடாது, கொஞ்சம் கூட இருந்தால் நல்லது. கனமானதெல்லாம் சக்கரத்துக்கு முன்னால். பின்னால் துணி, தலையணை மட்டும். வால் கனத்தால் மூக்கு தூக்கும். மூக்கு தூக்கினால் காற்றில் டிரெய்லர் வாலாட்டும். அந்த ஆட்டம் முன்னால் போகிற வண்டியையும் சேர்த்துப் புரட்டிவிடும். தானியக் கிடங்கின் எடைமேடையில் நிறுத்திப் பார்.

நான் வேண்டுமானால் வந்து ஓட்டுகிறேன். சொல்.

லோவெல்


நார்பி
11 ஜூலை 1993

அன்புள்ள தம்பிக்கு,

சௌக்கியம். உன் கடிதம் வந்ததில் சந்தோஷம். ஆனால் அது என்ன கையெழுத்து? ஒரு பக்கத்துக்கு ஏழு வரிதான் இருக்கிறது. ஒன்றாம் வகுப்புப் பையன் மாதிரி எழுதியிருக்கிறாய், வரிகளோ மேலே ஏறிப் போகின்றன. ஓடுகிற லாரியில் உட்கார்ந்து எழுதினாயா? உடம்புக்கு ஒன்றும் இல்லையே?

ஞாயிறு ஆராதனை முடிந்து எல்லோரும் போனதும், தேவாலயத்து வண்டி நிறுத்துமிடத்தில் பின்னால் தள்ளப் பழகுகிறேன். வலப்பக்கம் போகவேண்டும் என்றால் ஸ்டீயரிங்கை இடப்பக்கம் திருப்பவேண்டுமாம். பால்மரோடு முப்பத்தைந்து வருஷம் குடித்தனம் நடத்தியதும் அதே முறையில்தான், அதனால் சீக்கிரம் பிடிபட்டது. பாதிரியாரின் ரோஜாச் செடி ஒன்று போய்விட்டது. "பரவாயில்லம்மா, அது ரொம்ப நாளா நோஞ்சானாத்தான் இருந்துச்சு" என்றார் பாவம்.

நீ வரவேண்டாம் தம்பி. நீயும் வயதானவன். உனக்கு எதற்கு இந்தத் தொந்தரவு? எப்படியோ பார்த்துக்கொள்கிறேன்.

நெடுஞ்சாலையில் மட்டும் இன்னும் இழுத்ததில்லை. பெரிய லாரி பக்கத்தில் தாண்டிப் போகும்போது எப்படி இருக்குமோ. உன் பதிலைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

அன்புடன்,
ஆர்டிஸ்


வெஸ்லாகோ
30 ஆகஸ்ட் 1993

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். கை ஓய்ந்துபோயிருக்கிறது. நான் சொல்லச் சொல்ல கொன்சுவேலோ எழுதுகிறாள்.

இணைப்புச் சங்கிலி இரண்டையும் மூக்குக்கு அடியில் குறுக்காகப் போடு. கொக்கி கழன்றாலும் மூக்கு தரையில் குத்தாமல் சங்கிலியில் தொட்டில் மாதிரி விழும். கொக்கியின் பூட்டைப் போட்ட பிறகு ஜாக்கியால் தூக்கிப் பார். பிக்கப்பும் சேர்ந்து எழுந்தால்தான் பூட்டு பிடித்திருக்கிறது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் சுற்றி வந்து சக்கரங்களின் நடுக்குடத்தைக் கையால் தொட்டுப் பார். சுட்டால் அங்கேயே நில்.

லாரி தாண்டும்போது உன்னை முதலில் தள்ளும், பிறகு இழுக்கும். ஸ்டீயரிங்கோடு சண்டை போடாதே. வால் ஆட ஆரம்பித்தால் காலால் பிரேக்கை மிதிக்கவே மிதிக்காதே. ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடு, நேராகப் பிடி, உன் வலது முழங்காலுக்குப் பக்கத்தில் டிரெய்லர் பிரேக்குக்கு மட்டும் ஒரு கைப்பிடி பொருத்தியிருக்கவேண்டும், அதை மெல்லத் தள்ளு. பொருத்தவில்லையென்றால் கிளம்பாதே. மொத்தத்தில் மெதுவாக வா.

உன் தம்பி,
லோவெல்

அண்ணி, இது நான், கொன்சுவேலோ. அவர் எழுந்து போயிட்டார், அதனால சொந்தமா எழுதுறேன். எதுக்கு அண்ணி டிரெய்லர்? வீட்டுல ரூம் சும்மாதானே கெடக்கு? பஸ் ஏறி வந்தா போதாதா? ஆனா உங்க ஆளுங்கள எனக்குத் தெரியும். கல்யாணமாகி முதமுதலா உங்க வீட்டுக்கு வந்தப்ப உங்கம்மா தட்டுல ஆப்பிள் கேக் நீட்டினாங்க. நான் ஒடனே "குடுங்க"ன்னு வாங்கிக்கிட்டேன். திருடியப் பாக்குற மாதிரி பாத்தாங்க! வாங்க அண்ணி. எப்படியாவது வாங்க.


நார்பி
3 அக்டோபர் 1993

லோவெல்லுக்கு,

சௌக்கியம். நாளைக் காலை கிளம்புகிறேன். இந்தக் கடிதம் எனக்கு முன்னால் வந்து சேரும்.

உன் பாடமெல்லாம் பத்திரமாக வைத்திருக்கிறேன். நன்றாகத்தான் எழுதியிருந்தாய், ஒன்றும் குறையில்லை. உனக்கு வேலை அதிகம் போலிருக்கிறது. கைப்பிடி பொருத்தியாயிற்று. போன வாரம் தானியக் கிடங்கில் எடை போட்டேன். சோளம் ஏற்றி வந்த டிராக்டர்களுக்கு நடுவில் என் மஞ்சள் பட்டை நின்றது. எடைக்காரன் மெர்லின், "மூட்டைக்கு என்ன விலை எதிர்பாக்குறீங்க, ஆர்டிஸ் அக்கா?" என்று எட்டிப் பார்த்துக் கேட்டான். மூக்கு நீ சொன்ன அளவுக்கு மேலேயே இருந்தது.

இன்று ஆராதனை முடிந்ததும் பெண்கள் எல்லோரும் வழியனுப்ப வந்துவிட்டார்கள். பீட்ரூட் ஊறுகாய், ஆப்பிள் ஜாம், ஊறவைத்த மீன் என்று வீட்டுக்கு ஒரு பெட்டி ஜாடி. டெலோரிஸ் ஒரு மூட்டை உருளைக்கிழங்கே கொண்டுவந்தாள். எல்லாம் "நம்ம லோவெல்லுக்கு". நானும் எத்தனை தடவை வேண்டாம் என்பேன்? மூன்றாவது தடவையும் கேட்ட பிறகு மறுத்தால் ஊரில் தலைகாட்ட முடியுமா? முன்பக்கம் ஏற்கெனவே நிறைந்துவிட்டதால் எல்லாவற்றையும் பின்பக்கக் கட்டிலுக்கு அடியில் அடுக்கிவிட்டேன். எடை போட்டு முடித்தாயிற்று, நல்லவேளை.

போய்ச் சேர்ந்தால் பார்ப்போம்.

ஆர்டிஸ்


கான்சஸ், பெல்டன் என்ற ஊர்
7 அக்டோபர் 1993

என் அன்புத் தம்பிக்கு,

நான் உயிரோடு இருக்கிறேன். நேற்று கொன்சுவேலோவிடம் ஃபோனில் "டயர் பஞ்சர், ரெண்டு நாள் தங்கிட்டு வரேன்" என்றேன். பொய் சொன்னேன்.

இந்த ஊருக்கு வடக்கே ஓர் இறக்கம். பக்கவாட்டில் காற்று. ஒரு பெரிய லாரி தாண்டியது. கண்ணாடியில் பார்த்தேன், பின்னால் வருகிற வீடு ஒருமுறை வலப்பக்கம் தெரிந்தது, மறுமுறை இடப்பக்கம் தெரிந்தது. பிறகு பிக்கப்பே என் பேச்சைக் கேட்கவில்லை. கால் பிரேக்குக்குத்தான் போனது லோவெல். போன காலை எப்படித் திரும்ப எடுத்தேன் என்று எனக்கே தெரியாது. கைப்பிடியைத் தள்ளினேன். இரண்டு ஆட்டம் ஆடி, புல் சரிவில் இறங்கி, வேலியை இடித்து நின்றது. கவிழவில்லை. உள்ளே ஜாடிகள் அத்தனையும் தூள். கதவிடுக்கில் சிவப்பாக ஊறுகாய்ச் சாறு வழிந்ததைப் பார்த்து, ஓடிவந்த விவசாயி உள்ளே யாரோ அடிபட்டுக் கிடக்கிறார்கள் என்று கத்திவிட்டார். "உள்ள யாரும் இல்லீங்க, அது பீட்ரூட்" என்றேன். சொல்லிவிட்டு அழ ஆரம்பித்தேன், நிறுத்த முடியவில்லை.

அவர் பெயர் வென்டெல் ஷ்ரேடர். அவரும் மனைவியும் என்னைத் தங்கள் வீட்டிலேயே வைத்திருக்கிறார்கள். முதல் தடவை கேட்டபோதே உள்ளே போய்விட்டேன்.

இப்போது கேள். போன ஜனவரியில் பறவைகளுக்குத் தீனி வைக்கப் பின்கட்டுப் படியில் இறங்கி வழுக்கி விழுந்தேன். மணிக்கட்டு முறிந்தது, இடுப்பு எழவில்லை. கூப்பிட்டேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் குளிருக்குப் பயந்து அரிசோனா போயிருந்தது கூப்பிடும்போதுதான் ஞாபகம் வந்தது. யாரும் வரமாட்டார்கள் என்று தெரிந்துகொண்டு கிடப்பது இருக்கிறதே, அது குளிரைவிடக் கொடுமை. முழங்கையால் ஊர்ந்து உள்ளே வந்தேன். யாரிடமும் சொல்லவில்லை. நான் ஊர் சுற்ற டிரெய்லர் வாங்கவில்லை தம்பி. "உன் வீட்டில் நானும் இருக்கலாமா" என்று கேட்க வாய் வராமல் வாங்கினேன்.

நீ மூன்றாவது தடவை கேட்பாய் என்று கோடை முழுக்கத் தபால் பெட்டியைப் பார்த்தேன். கேட்கவில்லை என்று கோபம். எனக்கு இனி ஓட்டத் தைரியம் இல்லை. பயமாக இருக்கிறது.

வா. என்னை வந்து கூட்டிப் போ.

அக்கா


வெஸ்லாகோ
12 அக்டோபர் 1993

அக்கா,

உன் கடிதத்தைக் கொன்சுவேலோ வாசித்தாள். இதை நானே எழுதுகிறேன், பெயிண்டர்களின் தடித்த கறுப்புப் பேனாவால். கோடு எங்கே போனாலும் பின்னாலேயே போய்ப் படித்துக்கொள்.

ஜனவரியில் நீ படியில் கிடந்தபோது நான் இங்கே வெயிலில் உட்கார்ந்து கிரேப்ஃபுரூட் உரித்துக்கொண்டிருந்திருப்பேன். 

இனி என் பொய். மே மாதம் கண் டாக்டர் என் லாரிச் சாவியை மேஜைமேல் வைக்கச் சொன்னார். இரண்டு கண்ணிலும் நடுப்பார்வை போய்க்கொண்டிருக்கிறது. ஓரம் தெரியும், எதை நேராகப் பார்க்கிறேனோ அது கறையாகிவிடும். முப்பது வருஷம் ஓட்டினேன் அக்கா, ஒரு கீறல் கிடையாது. இப்போது தேவாலயத்துக்குக்கூடக் கொன்சுவேலோதான் ஓட்டுகிறாள், நான் பக்கத்தில் உட்கார்ந்து திட்டு வாங்குகிறேன். ஏப்ரலில் வருகிறேன் என்றது நிஜம். ஜூனில் கேட்டது நிஜமில்லை. அம்மாவின் மூன்று தடவைக் கணக்கை நான் மறக்கவில்லை. நீ இரண்டாவது தடவையும் மறுப்பாய் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் கேட்டேன். மூன்றாவது தடவை கேட்டால் சரி என்பாய், என்னால் வர முடியாது, ஏன் என்று சொல்லவேண்டி வரும். அந்த வெட்கத்துக்காக உன்னைத் தனியாகச் சாலையில் விட்டேன். நீ ஃபோன் பண்ணிய மறுநாள் உன் மூன்றாம் தேதிக் கடிதம் வந்தது. பின்பக்கக் கட்டிலுக்கு அடியில் ஜாடி என்று கொன்சுவேலோ வாசித்ததுமே பஞ்சர் இல்லை என்று எனக்கு விளங்கிவிட்டது. விளங்கியும், கண்ணைப் பற்றிச் சொல்லப் பயந்து உட்கார்ந்திருந்தேன்.

இன்று கொன்சுவேலோ ஒரே வார்த்தைதான் சொன்னாள்: "உங்க அக்கா வான்னு எழுதியாச்சு. எந்திரிங்க." வண்டியில் போர்வை ஏற்றிக்கொண்டிருக்கிறாள். அவள் ஓட்டுவாள். டிரெய்லரைப் பிறகு யார் வேண்டுமானாலும் கொண்டுவரட்டும், இல்லை ஷ்ரேடர் அதில் கோழி வளர்க்கட்டும். உனக்கு அறை இருக்கிறது. எப்போதும் இருந்தது.

இது எங்களுக்கு முன்னால் வந்துவிட வேண்டும் என்று அவசரத் தபாலில் போடுகிறேன், ஏனென்றால் ஒன்றை நீ முன்கூட்டியே தெரிந்துகொள்ளவேண்டும். நான் காரைவிட்டு இறங்கி உன்னிடம் வரும்போது உன் முகத்தைப் பார்க்கமாட்டேன். உன் காதையோ, தோளையோ, பின்னால் இருக்கிற மரத்தையோதான் பார்ப்பேன். கோபம் என்றோ, கண்ணைப் பார்க்கக் கூசுகிறேன் என்றோ எண்ணிவிடாதே. அப்படி வேறெங்கோ பார்த்தால்தான் அக்கா, உன் முகம் எனக்குத் தெரியும்.

உன் தம்பி,
லோவெல்